கரிக்குருவிப் பெட்டிக்குள் யார் பிலிம்?

டயர் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில் ஒன்றுக்கு ஜன்னல் உண்டு. மற்றொன்றுக்கு ஒரு காலத்தில் இருந்தது. அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே இரண்டு பூச்சு கறுப்பு அடித்து, கதவின் நாலு ஓரத்திலும் கம்பளிப் பட்டை ஒட்டி, சாவித் துவாரத்தில் மெழுகை உருக்கி ஊற்றியவளைக் கடைத்தெருவில் டப்பாக்காரி என்பார்கள். பெயர் வைத்தவர் கேமரா கடைக்காரர். கறுப்பு வெள்ளைப் பிலிம் சுருளைச் சின்ன அட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டிமேல் கம்பியில் உட்கார்ந்த கரிக்குருவி ஒன்றை அச்சடித்து, முதல் தடவையாக அவள் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தபோது, அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிலிம் யாரு செய்றது?"

"தெரியாதுங்க. வாங்கிச் சுத்தறதுதான் நாங்க."

"அப்ப நீங்க செஞ்சது டப்பா மட்டும்தான்?"

"டப்பாவும், உள்ள ஒரு சீட்டும்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அவள் டப்பாக்காரி ஆகிவிட்டாள். பெரிய ஆலை ஒன்றின் பெயரை அடித்து விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்கு முன் அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இருட்டறையில் வேலை பார்த்தாள். எக்ஸ்ரே படம் கம்ப்யூட்டர் திரைக்கு மாறியதும் இருட்டறையைப் பூட்டி அங்கே உடைந்த நாற்காலிகளைப் போட்டார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் கண்ணை நம்பாமல் வேலை செய்வது. அந்தத் தொழிலுக்கு வெளியில் எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. பழைய கேமராவில் படம் பிடிக்கும் மோகம் இளவட்டங்களிடம் திரும்ப வந்திருந்த சமயம் அது. தரகர் ஒருவர் பெரிய சுருளாகப் பிலிம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அவள் தையல் கடையில் பித்தான் கட்டிக்கொண்டிருந்த தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு டயர் கடை மாடிக்கு ஏறினாள்.

வேலை இப்படி. தகர டின்னுக்குள் கறுப்புப் பை, பைக்குள் தலையணை கனத்துக்கு ஒரு சுருள். ஓரத்து ஓட்டைகள் முன்பே போட்டிருக்கும். இருட்டில் அதை எடுத்து, சுவரில் அடித்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்து, ஒரு கேமராவுக்கு வேண்டிய நீளம் வெட்டி, நுனியைக் குட்டி உருளையில் ஒட்டிச் சுற்றி, டப்பிக்குள் செருகி மூடியை அமுக்க வேண்டும். கை இரண்டுக்கும் வேலை, வாய்க்கு இல்லை. அதனால் நாத்தனார் வாய் மூடியதே கிடையாது.

சுற்றும்போது பிலிமின் ஓரம் விரல் வழியே ஓடும். அதில் ஒரு பக்கத்தில், எட்டு ஓட்டைக்கு ஒரு ஓட்டை, நகத்தை லேசாகப் பிராண்டும். ஓட்டை போடும் யந்திரத்தில் ஏதோ ஒரு முள் மழுங்கிப்போயிருக்கிறது என்பது டப்பாக்காரியின் கணிப்பு. நாத்தனாரின் கணிப்பு வேறு.

"அண்ணி, இத யாரோ ஒரு கிழவன் செய்றான். வரிசையா பல்லு நல்லா இருக்கு, எட்டாவது மட்டும் சொத்தை."

அன்றிலிருந்து அதற்குச் சொத்தைப்பல் என்றே பெயர். படத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

டப்பாவுக்குள் போன சீட்டுதான் டப்பாக்காரி உண்மையில் பாடுபட்டது. தரகர் டின்னோடு சொன்ன வேகம் நானூறு; பிலிம் எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் படம் பிடிக்கும் என்பதற்கான எண் அது. அவள் அதை அப்படியே ஏற்கவில்லை. கீழே டயர் கடைக்காரர் பழைய டயர்களை மாடிப்படிக்கு அடியில், வெயிலே படாத மூலையில் அடுக்கி வைத்திருப்பார். கறுப்பு இருட்டில் கறுப்பு டயர். கேமராவை ஒவ்வொரு வேகத்துக்கும் மாற்றி வைத்து அதைப் படம் பிடித்து, ஒவ்வொரு நேரத்துக்கும் மருந்தில் கழுவிப் பார்த்தாள். நானூறில் டயர் வெறும் மசிக்கட்டியாக இருந்தது. இருநூறில் வைத்து, மருந்தில் சற்றுக் குறைவாகக் கழுவினால் டயரின் வரிப்பள்ளம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து வந்தது. சீட்டில் இருநூறு என்றே போட்டு, கழுவும் நேரத்தையும் எழுதினாள்.

"ஊர்ல எல்லாரும் கூட்டிச் சொல்லுவாங்க. நீ மட்டும்தான் அண்ணி குறைச்சுச் சொல்ற" என்றாள் நாத்தனார்.

"கறுப்புக்குள்ள கறுப்பு தெரியணும்டி. இல்லேன்னா கரிக்குருவின்னு எதுக்குப் பேரு?"

கரிக்குருவி பறக்க ஆரம்பித்தது. படம் பிடிக்கிறவர்கள் கூடும் இடங்களில் அது யார் செய்யும் பிலிம் என்பது ஒரு விவாதமாகிவிட்டது. மூடிப்போன ஆலையின் பழைய சரக்கு என்றான் ஒருவன். விமானத்திலிருந்து நிலம் அளக்கும் பிலிம் என்றான் இன்னொருவன். டப்பாக்காரிக்கே தெரியாது என்பதை ஒருவரும் நம்பவில்லை. கமுக்கமான பொம்பளை என்று மட்டும் முடிவு செய்துகொண்டார்கள்.

வியாபாரம் சூடு பிடித்தது தரகருக்கும் தெரிந்தது. காதில் பென்சில் செருகாமல் அவரைப் பார்க்க முடியாது. அதால் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் மூன்று டின்களை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"கரிக்குருவி நல்லாப் போகுது போல?"

"ஏதோ போகுதுங்க."

"இனிமே ஒரு சின்ன மாத்தம். பெட்டி, பேரு ரெண்டும் என் பக்கம் வந்துடட்டும். நீங்க ரெண்டு பேரும் வழக்கம்போல சுத்துங்க. மாசச் சம்பளம். உங்களுக்கும் தலைவலி இல்ல."

"பெட்டி எங்களோடதுங்க."

"யாரு இல்லேன்னது? உள்ள போடறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?" தரகர் தன் நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினார். "பிலிம் எங்கேருந்து வருதுங்கறது இந்தத் தலைக்குள்ள மட்டும்தாம்மா இருக்கு. இந்த மூணு டின் தீர்றதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் நாத்தனார் சொன்னாள்: "அந்தத் தலைய ஒரு தடவ தட்டிப் பாத்தா என்ன அண்ணி?"

டப்பாக்காரி சிரிக்கவில்லை. டின்களின் மேல் கையை வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்த தடம் சொரசொரவென்று இருந்தது. இந்த மூன்றும் தீர்வதற்குள், செய்கிறவன் யார் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியில் பூட்டிய கதவு இங்கேயும் ஒரு தடவை பூட்டப்படும். வித்தியாசம் ஒன்றுதான்: இந்தத் தடவை உள்ளே இவர்களை வைத்துப் பூட்டுவார்கள்.

அவள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். கடையில் பிலிம் பெயர்கள் கணக்கில்லாமல் இருக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் பட்டையின்மேல் ஒளிபடும் மருந்தைச் சீராகப் பூசுவது லேசுப்பட்ட காரியமில்லை. அதைச் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. மற்றதெல்லாம் அவளைப்போல டப்பா. ஆகவே தேட வேண்டியது பெயர்களை அல்ல, ஆலைகளை. ஒவ்வொரு ஆலையும் தன் சொந்தப் பெயரில் விற்கும் பிலிமில் ஒன்று வாங்கினாள். கேமரா கடைக்காரர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"என்ன, அடுத்த டப்பாவுக்கு மாடல் பாக்கறீங்களா?"

"ஆமாங்க. உங்க டப்பாவும் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் தலைக்கு மேலிருந்த கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

மாடியில் கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்து, சுத்தத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பிலிமின் துண்டைப் போட்டாள். பிலிமின் முதுகில் ஒளி சிதறாமலிருக்க ஒரு சாயம் பூசியிருப்பார்கள். ஆலைக்கு ஆலை அது மாறும். சற்று நேரத்தில் ஒரு தம்ளர் பச்சையானது. ஒன்று நீலம். ஒன்று கழுவிய பாத்திரத் தண்ணீர் மாதிரி. இரண்டு தம்ளர்கள் ஊதா மசியாயின. கரிக்குருவித் துண்டு கிடந்த தம்ளரும் ஊதா.

"மூணு ஊதா. ரெண்டுல ஒருத்தன் நம்மாளு" என்றாள் நாத்தனார்.

ஊதா விட்ட இரண்டையும் டப்பாக்காரி கையால் கிழித்துப் பார்த்தாள். ஒன்று எவ்வளவு இழுத்தும் கிழியவில்லை. அதில் துணி காயப் போடலாம். மற்றது சட்டென்று கிழிந்தது. கரிக்குருவியும் சட்டென்று கிழிந்தது.

நாத்தனார் கை தட்டினாள். டப்பாக்காரி தலையாட்டவில்லை. "ரெண்டு பேருக்கு ஊதா இருந்தா மூணாவது ஒருத்தனுக்கு இருக்கக் கூடாதா? நம்ம கைக்குச் சிக்காத ஆலை ஒண்ணு இருந்தா? போய் நின்னு தப்பா ஆச்சுன்னா, திரும்ப வர்றதுக்குள்ள தரகருக்குத் தகவல் போயிடும்."

"கண்ணால பாத்தது போதும் அண்ணி. கொடு இப்படி."

கிழிந்த பிலிமின் மீதிச் சுருளை எடுத்துக்கொண்டு நாத்தனார் இருட்டறைக்குள் போனாள். டப்பாக்காரியும் பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள். வெளிச்சத்தில் கண் முந்திக்கொள்ளும், விரல் சோம்பேறியாகிவிடும். இருட்டில் பிலிம் ஓடும் சரசரப்பு மட்டும் கேட்டது. பேச்சைக் காணோம். அந்த அறையில் அப்படி ஒரு அமைதி அதுவரை இருந்ததில்லை. டப்பாக்காரிக்குக் கலக்கமாக இருந்தது.

"என்னடி ஆச்சு?"

"கையக் கொடு அண்ணி."

நாத்தனார் அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பிலிமின் ஓரத்தில் வைத்து மெல்ல நகர்த்தினாள். வழவழவென்று ஏழு ஓட்டை. எட்டாவது நகத்தைப் பிராண்டியது. மறுபடி ஏழு. மறுபடி பிராண்டல்.

"கிழவன் பல்லு" என்றாள் நாத்தனார். இருட்டில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு கீழே டயர் கடை வரை கேட்டிருக்கிறது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தாராம்.

ஆலை இரண்டு ஊர் தள்ளி இருந்தது. காலை ரயிலில் போனார்கள். ஜன்னலே இல்லாத நீளக் கட்டடம். வாசலில் செருப்பைத் துடைக்க ஈரச் சாக்கு. தலையில் வெள்ளைக் குல்லாய் மாட்டிய ஆட்கள். "நம்ம ரூம யாரோ இழுத்து நீட்டி விட்ட மாதிரி இருக்கு" என்றாள் நாத்தனார்.

விற்பனை மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. மரியாதையாக உட்கார வைத்தார். கரிக்குருவிப் பெட்டியைப் பார்த்தார். டப்பாக்காரி நேராக டின் கேட்டதும், முடியாது என்று தலையசைத்தார்.

"நாங்க பேரில்லாம யாருக்கும் பிலிம் கொடுக்கறதில்லம்மா. எங்க பெட்டி, எங்க பேரு. அவ்வளவுதான்."

"டின் டின்னா ஒருத்தர் வாங்கறாரே?"

"அது சாலையோரக் கேமராவுக்கு. வேகமாப் போற வண்டியப் படம் பிடிக்கறதுக்கு. அந்த வேலைக்கு மட்டும்தான்னு எழுதிக் கொடுத்துட்டு வாங்கறாரு."

"காதுல பென்சில் வெச்சிருப்பாரா?" என்றாள் நாத்தனார்.

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "அப்படின்னா அவருக்குக் கொடுக்கறத இன்னிக்கே நிறுத்தணும். சொன்னதுக்கு நன்றி. ஆனா உங்களுக்குக் கொடுக்கணும்னு அதுல இல்லையேம்மா. எங்க பிலிமையே எங்களுக்கு எதிரா இன்னொரு பெட்டியில போட்டு நாங்க எதுக்கு விக்கணும்?"

தரகரின் வாசலை மூட வந்த டப்பாக்காரி தன் வாசலையும் சேர்த்துச் சாத்திவிட்டாள். மேசைக்கு அடியில் நாத்தனாரின் கால் அவள் காலை மிதித்தது. டப்பாக்காரி பெட்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

அப்போது ஆலையின் பரிசோதகர் ஒரு தாளில் கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். தலை நரைத்தவர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. தாளை நீட்டியவர் பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இந்தப் பெட்டிய யாரு கொண்டுவந்தது?"

"எங்களோடதுதாங்க" என்றாள் டப்பாக்காரி.

அவர் கையெழுத்தை மறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "அம்மா, இத யாரு செய்றாங்க? ரெண்டு வருஷமாத் தேடறேன். எந்தக் கடையிலயும் தெரியாதுங்கறாங்க." பிறகு மேலாளரிடம் திரும்பினார். "மேடம், ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு படம் காட்டுவேனே? கொட்டகைக்குள்ள கறுப்பு எருமை படுத்திருக்கும், ஒவ்வொரு முடியா தெரியும்? அது இந்தக் கரிக்குருவிதான். சொந்தக் காசு போட்டு வாங்கறேன். நம்ம பிலிம் ஏன் இப்படி வர மாட்டேங்குதுன்னு கத்திக் கத்தித் தொண்டையே போச்சு."

நாத்தனார் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

"ஐயா, இது உங்க பிலிம்" என்றாள் டப்பாக்காரி.

பரிசோதகர் பரிவோடு சிரித்தார். "இல்லம்மா. எங்க பிலிமோட முகம் எனக்குத் தெரியாதா?"

"முகம் பாத்திருப்பீங்க. பல்லப் பாத்திருக்கீங்களா?"

ஆலையின் சோதனை இருட்டறைக்கு நாலு பேரும் போனார்கள். மேலாளரும் வந்தார்; அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. நாத்தனார் பரிசோதகரின் ஒரு கையில் கரிக்குருவியையும் மறு கையில் ஆலைப் பிலிமையும் கொடுத்து, "ஓரத்துல நகத்த வெச்சு ஓட்டுங்க சார், மெதுவா" என்றாள். கொஞ்ச நேரம் சரசரப்பு. பிறகு இருட்டிலிருந்து ஒரு "அட" வந்தது. அதன்பின் இன்னும் நீளமான ஒரு "அடடா."

ஓட்டை போடும் யந்திரத்தில் ஒரு முள் லேசாகச் சிதைந்திருப்பதை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கவனித்ததில்லை. அங்கே பிலிமைச் சுற்றுவது யந்திரம். யந்திரத்துக்கு நகம் கிடையாது. சாயம் ஊதாவாகத் தண்ணீரில் இறங்குவதையும் சோதனை அறையில் அவர்கள் பார்த்ததில்லை. பிலிம் நேரே மருந்தில் போய்விடும், மருந்தில் எல்லாச் சாயமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். தன் பிள்ளையை வேறு சட்டையில் பார்த்துவிட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ எவ்வளவு அழகு என்று பரிசோதகர் இரண்டு வருஷம் ஏங்கியிருக்கிறார்.

இருந்தும் அவருக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. ஒரே பிலிம் என்றால் படம் ஏன் வேறு மாதிரி வருகிறது? டப்பாக்காரி சீட்டை எடுத்து நீட்டினாள். அவர் இதுவரை கரிக்குருவியைச் சீட்டு சொன்னபடி கழுவிவந்தார். தம் ஆலைப் பிலிமைத் தம் ஆலைப் பெட்டி சொன்னபடி கழுவிவந்தார். ஒன்றின் சீட்டை இன்னொன்றுக்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. ஏன் தோன்ற வேண்டும்?

அங்கேயே செய்து பார்த்தார்கள். ஆலைப் படிக்கட்டின் அடியில் கறுப்பு ரப்பர் குழாய்கள் சுருண்டு கிடந்தன. ஆலைப் பிலிமிலேயே இரண்டு சுருள். ஒன்று ஆலைப் பெட்டி சொன்னபடி, ஒன்று கரிக்குருவிச் சீட்டு சொன்னபடி. கழுவி, உலர்த்தி, படமாக்கி மேசையில் வைத்தபோது நாலு தலைகள் குனிந்தன. முதல் படத்தில் படிக்கு அடியில் இருட்டு இருந்தது. இரண்டாவதில் குழாய்கள் இருந்தன; குழாய்மேல் அச்சடித்த எண்கூட இருந்தது.

முதலில் பேசியது மேலாளர். "நானூறுன்னு பெட்டியில போடச் சொன்னது நாங்கதான். மத்தவங்க எல்லாம் நானூறு போடறாங்கன்னு." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

பரிசோதகர் அந்தப் படத்தைக் கையிலிருந்து இறக்கவில்லை. "கத்தினது வீண் போகல. நல்ல பிலிம்னுதான் கத்தினேன். நல்ல பிலிம்தான்."

சாயங்கால ரயிலுக்கு முன் பேச்சு முடிந்தது. டின்கள் இனி ஆலையிலிருந்து நேராகக் கரிக்குருவிக்கு வரும். மேலாளர் ஒரு நிபந்தனை வைத்தார்: செய்தது யார் என்று பெட்டியில் இருக்க வேண்டும்.

"அது தெரியணும்னுதாங்க நாங்களே புறப்பட்டு வந்தோம்" என்றாள் டப்பாக்காரி.

"இன்னொண்ணு. உங்க சீட்ட எங்க பெட்டிக்குள்ளயும் வைக்கலாமா?"

டப்பாக்காரி யோசிப்பதற்குள் நாத்தனார் பதில் சொன்னாள்: "தாராளமா. கீழ குருவியப் போட்டுடுங்க."

தரகர் வந்தபோது மாடியில் புது டின்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் காகிதம் சுரண்டப்படாமல் பளிச்சென்று இருந்தது. அவர் ஒன்றைப் படித்தார். இன்னொன்றையும் படித்தார், அதில் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்கிற மாதிரி. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுத ஒன்றும் இல்லாமல் திரும்பச் செருகினார்.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் டப்பாக்காரி. பொய்யாகச் சொல்லவில்லை, முதல் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

அவர் குடிக்கவில்லை. படியிறங்கும்போது நாத்தனார் வாசலில் நின்று குரல் கொடுத்தாள்: "நிலைப்படி தாழ்வு சார், தலை பத்திரம். உள்ள முக்கியமான விஷயம் இருக்கு."

கேமரா கடையில் அந்த மாதம் ஆலைப் பெட்டிகளும் கரிக்குருவிப் பெட்டிகளும் ஒரே வண்டியில் வந்து இறங்கின. கடைக்காரர் ஆலைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளிருந்த சீட்டை விரித்தார். வேகம் இருநூறு என்று இருந்தது. கீழே, கம்பிமேல் குருவி உட்கார்ந்திருந்தது. அவர் சீட்டை மடித்து உள்ளே வைத்தார். மடிப்பு சரியாக விழும்வரை இரண்டு தடவை மடித்தார்.

"அம்மா, பிலிம் யாரு செய்றதுன்னு..."

"படிச்சுப் பாருங்க, பெட்டியிலயே இருக்கு."

"படிச்சேன். இன்னும் ரெண்டு அடுக்கு சேத்து வைங்க. கண்ணாடிப் பெட்டியில, முன்வரிசையில வைங்க."

அவள் தன் கையாலேயே வைத்துவிட்டு வந்தாள். தெருவில் யாரோ "டப்பாக்காரி போகுது" என்றார்கள். அவள் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள்.

மாடியில் நாத்தனார் அடுத்த டின்னைத் திறந்து இருட்டில் உட்கார்ந்திருந்தாள். டப்பாக்காரியும் கதவைச் சாத்திவிட்டு ஆணியோரம் தன் இடத்தில் நின்றாள். பிலிம் ஓடியது. எட்டு ஓட்டை, பதினாறு, இன்னும் எத்தனையோ. ஒன்றும் பிராண்டவில்லை.

"பல்லக் கட்டிட்டாங்க அண்ணி" என்றது இருட்டு.

"நாம சொன்னதுக்கப்புறம் யந்திரத்துல அந்த முள்ள மாத்திட்டாங்களாம்."

"நல்லா வழுக்கிட்டுதான் ஓடுது. ஆனா இனிமே இது யாரு பிலிம்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"லைட்டப் போட்டு டப்பாவப் படிப்பேன்" என்றாள் டப்பாக்காரி.